குருமா கிழக்கே வந்தது, எலுமிச்சை மேற்கே போனது

வெந்தயக்கீரையை எண்ணெயில் வதக்கினால் வாசம் நாலு வீடு தாண்டும். ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டில் அந்த வாசம் எழும்போது வருகிறவர்கள் பருப்புக் கடையலையோ சப்பாத்தியையோ எதிர்பார்த்து உள்ளே நுழைவார்கள். சட்டியைத் திறந்தால் கரும்பச்சையில் ஒரு குழம்பு. அதில் ஆட்டிறைச்சி, ராஜ்மா, கறுத்துச் சுருங்கிய முழு எலுமிச்சைகள். "ஈரான்காரர்கள் வீட்டுக் குழம்பு, பெயர் கோர்மே சப்ஸி" என்பேன். "என்னது, குருமாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. அது குருமாவேதான்.

இந்தக் குழம்பு ஜொகூருக்குப் பழக்கமானதற்கு ஒரு பல்கலைக்கழகம் காரணம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஈரானிய மாணவர்கள் பெருந்திரளாக மேற்படிப்புக்கு வந்தார்கள். ஊரைவிட்டு வந்தவர்கள் முதலில் தேடுவது அம்மா கைக்குழம்பைத்தானே. ஆனால் அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தப் பெயர் மட்டும் தனியாகக் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்துவிட்டிருந்தது. மலாய்க்காரர் வீட்டு நோன்புப் பெருநாளில் 'குர்மா டாகிங்' என்ற இறைச்சிக் குருமா, நம் வீட்டுத் தீபாவளிக் காலையில் தோசைக்குக் கோழிக்குருமா. மூன்று வீட்டுச் சட்டிக்கும் சொல் ஒன்று.

அந்தச் சொல் பாரசீகத்தில் பிறந்ததும் அன்று. மூலம் துருக்கிய மொழிகளில் இருக்கிறது. 'காவுர்' என்றால் வறு. மேய்ச்சல் நிலத்து மக்கள் குளிர்காலத்துக்கு முன் ஆட்டை அறுத்து, இறைச்சியை அதன் கொழுப்பிலேயே வறுத்து, அதே கொழுப்பு மூடி உறையும்படி சாடியில் அடைத்து வைப்பார்கள். நாம் உப்புக்கண்டம் போடுவதற்கு ஈடான வேலை. துருக்கியில் இன்றும் அதற்குக் 'காவுர்மா' என்றுதான் பெயர். கிரேக்கத்திலும் பல்கேரியாவிலும் அதன் சாயல் பெயர்கள் உண்டு. பாரசீகர்களின் நாவில் அது 'கோர்மே' ஆனது.

'சப்ஸி' பாரசீகச் சொல். 'சப்ஸ்' என்றால் பச்சை, 'சப்ஸி' என்றால் பச்சிலைகள். வட இந்தியாவில் அது எல்லாக் காய்கறிக்கும் பெயராகிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஓர் ஆண்டே தெரிகிறது: குளிர்காலத்துக்கு வறுத்து வைத்த இறைச்சி, பனி உருகியதும் முளைத்த கீரை. ஈரானியர்களின் புத்தாண்டான நவ்ரூஸ் மார்ச் 20 அல்லது 21-இல் வரும். அப்போது சந்தையில் கீரைக்கட்டுகள் குவியும். பார்ஸ்லி, கொத்தமல்லி, 'தரே' என்கிற பூண்டுவாசத் தாள், கொஞ்சமே கொஞ்சம் வெந்தயக்கீரை. இந்த நான்கும்தான் குழம்பின் முதுகெலும்பு.

வெந்தயத்தின் வயது இந்தக் கதை எல்லாவற்றுக்கும் மூத்தது. ஈராக்கின் தெல் ஹலால் அகழாய்வில் கிடைத்த கருகிய வெந்தய விதைகளுக்கு ஏறக்குறைய 6,000 வயது. எகிப்தின் துத்தன்காமன் கல்லறையிலும் வெந்தயம் இருந்தது. ரோமானியர்கள் அதைக் 'கிரேக்க வைக்கோல்' என்றார்கள். மாட்டுத்தீவனமாக அவர்களிடம் போய்ச் சேர்ந்ததால் வந்த பெயர். அரபியில் 'ஹுல்பா'. மலாய்க்காரர்கள் மீன் குழம்புக்குத் தாளிக்கிற 'ஹல்பா' அதுதான். கடையைக் 'கெடாய்' என்றும், கப்பலைக் 'காப்பால்' என்றும், தயிரைத் 'தைரு' என்றும் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்ட மொழி, வெந்தயத்துக்கு மட்டும் அரபு வணிகரிடம் போனது ஏனென்று நினைத்துப் பார்ப்பதுண்டு. யார் மூட்டையை முதலில் அவிழ்த்தாரோ அவர் சொன்ன பெயர் நின்றிருக்கும்.

மூட்டை அவிழ்ந்த கரைகளில் தமிழும் பாரசீகமும் அக்கம்பக்கமாகவே இருந்தன. இலங்கையின் காலியில் 1911-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தை ஒட்டி 1409-ஆம் ஆண்டிட்டுச் செதுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. இந்தியப் பெருங்கடலில் பேச்சு விலைபோக வேண்டுமானால் எந்த மொழிகள் தேவை என்று அந்தக் கல் காட்டிக்கொடுக்கிறது. சுமத்ராவின் பாசாயில் 1420-இல் இறந்த நைனா ஹுசாமுதீன் என்பவரின் கல்லறையில் பாரசீகக் கவிஞர் ஸாதியின் பாடல் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'நைனா' என்ற சொல்லைக் கேட்டால், நம் ஊர்ப் பெயராயிற்றே என்று காயல்பட்டினத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மலாக்காவில் துறைமுகத்தை நடத்திய அதிகாரியின் பட்டமே பாரசீகம்: 'ஷாபந்தர்', துறைமுகத்தின் அரசன். அங்கே நால்வர் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர். சோழமண்டலக் கரை, வங்கம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர். சாவகத் தீவுகளுக்கும் சீனத் திசைக்கும் ஒவ்வொருவர். அந்தத் துறைமுகத்துப் பண்டகசாலைகளிலிருந்து மலாய் மொழிக்குள் இறங்கிய பாரசீகச் சொற்களை எழுதினால் ஒரு மளிகைச் சீட்டு தேறும்: பசார், கிஸ்மிஸ், பாதாம், அங்கூர், ஆச்சார். மாலுமித் தலைவன் 'நாகோடா', வணிகன் 'சவுடாகர்' இருவரும் அதே கப்பலில் வந்தவர்கள்தாம்.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். தாக்குதலுக்கு முந்தைய இரவில் இளம் வீரர்கள் வீரகதை வாசிக்கக் கேட்டதாகவும், சுல்தான் அவர்களுக்கு அமீர் ஹம்சாவின் கதையைக் கொடுத்ததாகவும் செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. அது பாரசீகத்திலிருந்து மலாய்க்கு வந்த கதை. நாடிழந்த சுல்தானின் மகன் 1528-இல் நிறுவியதுதான் ஜொகூர் அரசு. செஜாரா மெலாயுவின் 1612-ஆம் ஆண்டுப் பதிப்பு உருவானதும் ஜொகூர் அரசவையில்தான். சட்டியில் என்ன கொதித்தது என்று அரசவை எழுத்தர்கள் குறித்து வைக்கவில்லையே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

குருமா கடல்வழிக்கு முன் தரைவழியில் உருமாறியது. நாடிழந்து 1544-இல் பாரசீக மன்னர் தமாஸ்பிடம் அடைக்கலம் புகுந்த முகலாய மன்னர் ஹுமாயூன், 1555-இல் தில்லிக்குத் திரும்பினார். அதன்பின் முகலாய அடுக்களையில் பாரசீகக் கை ஓங்கியது. அவர் மகன் அக்பரின் காலத்து நூலான அயினி அக்பரியில் பசலையோடு நெய், வெங்காயம், இஞ்சி, மிளகு, ஏலம், கிராம்பு சேர்த்துச் செய்யும் 'சாக்' ஒன்றுக்கு எடையோடு குறிப்பு இருக்கிறது. கீரை அந்தப் பக்கம் தனி வழியில் போய்விட்டது. குருமா கீரையை விட்டுவிட்டுத் தயிரையும் பாதாமையும் பிடித்துக்கொண்டது.

இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று: ஒவ்வோர் ஊரிலும் மாறியது குழம்பின் ஈரம். மேய்ச்சல் நிலத்தில் ஆட்டுக்கொழுப்பு, வடக்கே தயிர், சென்னையில் பாதாம் பால். கர்னல் கென்னி ஹெர்பர்ட் 1878-இல் வெளியிட்ட சென்னைச் சமையல் புத்தகத்தில் குருமாவுக்குச் செய்முறை தருகிறார். இஞ்சி, மல்லி, ஏலம், கிராம்பு, காரத்துக்கு மிளகு, பாதாம் ஊறிய பால், முடிவில் எலுமிச்சைச் சாறு. ஒரு காலத்தில் மெட்ராஸ் கிளப்பில் அது மிகச் சிறந்த பதார்த்தங்களுள் ஒன்றாக இருந்ததென்றும் நினைவுகூர்கிறார். நம் வீடுகளில் பாதாமுக்குத் தேங்காய் வந்தது. குழம்பைத் தடிக்க வைக்க முந்திரியும் கசகசாவும் சேர்ந்தன. முந்திரி போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். கசகசாவோ பாரசீகரின் 'கஷ்காஷ்', மலாயில் 'காஸ் காஸ்'. ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கசகசாவைக் கொண்டுபோகத் தடை. அரைக் கரண்டி வெள்ளை விதைக்காக இரு கரைக் குருமாக்களும் வேறு வேறு ஆகிவிடும்.

பிறகு நடந்ததுதான் பெரிய துணிச்சல். தமிழ்நாட்டு உணவகங்கள் இறைச்சியையும் எடுத்துவிட்டன. உருளைக்கிழங்கு, பட்டாணி, கேரட் போட்டு 'வெஜிடபிள் குருமா' என்றார்கள். வறுத்த இறைச்சி என்று பொருள்படும் பெயரில் வறுவலும் இல்லை, இறைச்சியும் இல்லை. சொல் மட்டும் பூரிக்குப் பக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் முஸ்லிம் சமையற்காரர்களின் கை வழியாக மலாய் வீடுகளுக்குப் போன குருமாவில் தேங்காய்ப்பால் பெருகியது. மல்லி, சோம்பு, சீரகம், வெள்ளை மிளகு உண்டு; மிளகாய்த்தூள் கிடையாது. அமெரிக்காவிலிருந்து மிளகாய் வருவதற்கு முந்தைய காரம் அந்த வெளிர்க் குழம்பில் இன்னும் இருக்கிறது. ஜொகூர்க் கல்யாண வீடுகளில் பிரியாணி காம், டால்ச்சா, ஆச்சார், குர்மா என்று பரிமாறும் சாப்பாட்டில் பாரசீகம் வரிசைகட்டி நிற்கும். இதில் ஒரு விபத்தும் உண்டு. பேரீச்சம்பழத்துக்குப் பாரசீகத்தில் 'கோர்மா'. மலாயில் அதுவும் 'குர்மா' ஆனது. தொடர்பே இல்லாத இரு சொற்கள் ஒரே எழுத்தில் ஒட்டிக்கொண்டன. நோன்பு மாதத்தில் ஒரு குர்மாவால் நோன்பு திறந்து, இன்னொரு குர்மாவோடு சோறு சாப்பிடுகிறார்கள்.

சொல் கிழக்கே வந்த அதே கடலில் ஒரு பழம் மேற்கே போனது. கோர்மே சப்ஸியில் மிதக்கும் அந்தக் கறுத்த காய்க்கு ஈரானியர் 'லிமு அமானி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஓமான் எலுமிச்சை. ஈராக்கியர் அதையே 'நூமி பஸ்ரா', பஸ்ராவின் எலுமிச்சை என்பார்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து வந்து இறங்கியதோ அந்த ஊர்ப் பெயர். உப்புநீரில் கொதிக்கவிட்டு, வெயிலில் கல்லாகும்வரை உலர்த்துவது. நம் உப்பு நாரத்தங்காயை முகர்ந்தவர்களுக்கு அந்த வாசம் பாதி தெரியும். ஆனால் ஓமானோ பஸ்ராவோ அதன் பூர்விகம் அன்று. சிறு எலுமிச்சையின் தாய்வழி, பிலிப்பீன்ஸ் தீவுகளில் வளரும் ஒரு காட்டு வகை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பாரசீக 'லிமு'வுக்கே மூலம் மலாய் 'லிமாவ்' குடும்பத்துச் சொல்லாக இருக்கலாம் என்று சொல்லாய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எங்கள் தெருமுனையில் லிமாவ் நிப்பிஸ் விற்கும் கிழவிக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வேறு எங்கிருந்து போயிருக்கும் என்று கேட்டார்.

ராஜ்மா மட்டும் இந்தக் கூட்டத்தில் புது ஆள். அது அமெரிக்கக் கண்டத்துப் பயறு, கொலம்பஸுக்கு முன் பாரசீகம் அதைக் கண்டதில்லை. ஈரானின் அஜர்பைஜான் பகுதியில் இன்றும் காராமணி போடுகிறவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

ஜொகூரில் வசந்தம் என்று ஒரு காலம் இல்லை, கீரைக்கும் பஞ்சமில்லை. தரேக்குப் பதில் சீனர் கடைக் குச்சாய்த் தாள் அருமையாகப் பொருந்தும். பார்ஸ்லி கிடைக்காத நாளில் 'டாவுன் சுப்' என்ற சூப் இலை பாதிக்குக் கைகொடுக்கும். வெந்தயக்கீரையை மற்றவற்றில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போடக் கூடாது, கசந்துவிடும். எல்லாவற்றையும் கழுவி, ஈரம் போக உலர்த்தி, பொடியாக நறுக்கி, கருகுவதற்கு ஒரு நொடி முன்வரை பொறுமையாக வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் வேறு எதைச் சேர்த்தும் பயனில்லை. வெங்காயமும் மஞ்சளும் இறைச்சியும் தனியே வதங்கியதும், ஊறவைத்த பயறு, கீரை, தண்ணீர். இரண்டரை மணி நேரம் சிறுதீ. உலர்ந்த எலுமிச்சைகளை முள்கரண்டியால் குத்திக் கடைசி ஒரு மணி நேரத்தில் போடுவேன். முன்பே போட்டால் கொட்டையின் கசப்பு இறங்கும். சோற்றை அடிப்பிடிக்க விடவேண்டும். நாம் காந்தல் என்பதும், மலாய்க்காரர் 'கெராக்' என்பதும் ஈரானியருக்குத் 'தஹ்திக்'. அவர்கள் வீட்டில் அதை முதலில் விருந்தாளிக்கு வைப்பார்கள்.

மீன்குழம்பைப் போல இதற்கும் மறுநாள்தான் ருசி. பச்சை இன்னும் கறுத்து, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். காலையில் முனைக்கடையில் இரண்டு ரொட்டி சானாய் வாங்கி வந்து, பிய்த்துப் போட்டு, மேலே அதை ஊற்றிச் சாப்பிடுகிறோம்.