நிற்காத படகு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து அனஹைம் ஊரில் இருக்கும் டிஸ்னிலாந்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம்மில் அநேகமாக இருக்க மாட்டார்கள். 1955 ஜூலையில் திறந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவில் 1967 மார்ச் மாதத்திலிருந்து ஒரு படகுச் சவாரி நடந்துவருகிறது. 'கரீபியன் கடற்கொள்ளைக்காரர்கள்' என்று பெயர். அந்தப் பெயரில் பின்னால் வந்த சினிமாப் படங்களுக்கெல்லாம் இதுதான் தாய். வால்ட் டிஸ்னி கடைசியாக மேற்பார்வை பார்த்த வேலைகளில் இதுவும் ஒன்று. திறப்பு விழாவைப் பார்க்க அவர் இல்லை. 1966 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

முதலில் அதை மெழுகுப் பொம்மைக் காட்சிசாலையாக, ஜனங்கள் நடந்துபோய் நின்று பார்க்கும்படிதான் அமைக்க எண்ணியிருந்தார்கள். 1964-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஆட்களைப் படகில் ஏற்றி வரிசையாக அனுப்பிப் பார்த்தார்கள். கூட்டம் தேங்காமல் நகர்ந்தது. அதன் பிறகு நடை போய்ப் படகு வந்தது. இந்தச் சின்ன மாறுதலை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அந்தச் சவாரியில் போனதில்லை. போய்வந்தவர்கள் எடுத்த படங்களில் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. சும்மா சொல்லக் கூடாது, வேலைப்பாடு அபாரம். இருட்டில் படகு திடீரென்று கீழே சரிகிறது. ஓர் எலும்புக்கூடு கப்பல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கோட்டைக்கும் கப்பலுக்கும் பீரங்கிச் சண்டை. அப்புறம் ஊருக்குள் நுழைகிறோம். ஊர்த் தலைவரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் முக்கி முக்கி எடுத்து, புதையல் எங்கே என்று கேட்கிறார்கள். அவர் மனைவி மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, சொல்லிவிடாதே என்று கத்துகிறாள். அடுத்தாற்போல் ஊர்ப் பெண்களைக் கயிற்றால் பிணைத்து வரிசையாக நிறுத்தி ஏலம். வந்து மணப்பெண்ணை எடுத்துக்கொள் என்ற பொருளில் மேலே ஒரு துணி தொங்குகிறது. பருத்த பெண் ஒருத்தி வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அவளை விற்க முயல்கிறான் ஏலக்காரன். குடித்தவர்களோ பின்னால் நிற்கும் சிவப்பு முடிக்காரிதான் வேண்டும் என்று கூச்சல் போடுகிறார்கள். பிறகு ஊர் எரிகிறது. எரிகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பாட்டு. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். இவ்வளவும் யந்திரப் பொம்மைகள்.

ஐம்பது வருஷம் இப்படித்தான் நடந்தது. 2018-இல் ஏலத்தை மாற்றினார்கள். சிவப்பு முடிக்காரி இப்போது தானே ஒரு கொள்ளைக்காரி. கையில் நீளத் துப்பாக்கி. ஏலத்துக்கு வருகிறவை கோழிகளும் ஊரார் வீட்டுச் சாமான்களும். பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கொள்ளைக்காரன் வேறு எப்படி இருப்பான், சரித்திரத்தை அல்லவா அழிக்கிறார்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள், பெண்ணை விலை கூறி விற்பதில் குழந்தைகள் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். வேதனையான சரித்திரத்தைச் சலவை செய்து வேடிக்கையாகக் காட்டலாமா என்ற பழைய வழக்கு, ஒரு பொம்மைக்காரியின் பேரில் மறுபடி விசாரணைக்கு வந்தது.

சரித்திரத்தை அழித்தார்கள் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். அழிப்பதற்கு அங்கே சரித்திரம் எங்கே இருந்தது? கரீபியன் கடலின் பெரிய கொள்ளைக்காரன் ஹென்றி மார்கன், வேல்ஸ் தேசத்தவன். 1668-இல் போர்ட்டோபெலோ, 1671-இல் பனாமா என்று ஸ்பானியர்களின் ஊர்களைச் சூறையாடினான். தண்டிப்பார்கள் என்று பார்த்தால், இங்கிலாந்து அரசர் அவனுக்குச் சர் பட்டம் கொடுத்து ஜமைக்காவுக்குத் துணை கவர்னராக அனுப்பிவைத்தார். 1688-இல் அவன் செத்தபோது அவனுக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். எக்ஸ்குமெலின் என்பவர் கொள்ளைக்காரர்களின் அட்டூழியங்களை 1678-இல் டச்சு மொழியில் புத்தகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததும், மார்கன் பதிப்பாளர்கள் மீது அவதூறு வழக்குப் போட்டு நஷ்டஈடும் வாங்கிவிட்டான். தன் சரித்திரத்தைத் தானே சலவைக்குப் போட்டவன் என்று அவனைச் சொல்லலாம்.

இன்னொருவன் கறுப்புத் தாடி என்று பேர் வாங்கிய எட்வர்ட் டீச். கதைப் புத்தகங்களில் அவன் குழந்தைகளுக்குச் செல்லம். அவனுடைய பெயர்பெற்ற கப்பல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1717 நவம்பரில் மார்ட்டினிக் தீவுக்கு அருகே அவன் பிடித்த 'லா கன்கோர்டு' என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பல் அது. ஆப்பிரிக்காவிலிருந்து 500-க்கு மேற்பட்டவர்களைத் திணித்துக்கொண்டு வந்தது. வழியிலேயே பலர் செத்துப்போனார்கள். டீச் கப்பலை எடுத்துக்கொண்டான். சில ஆப்பிரிக்கர்களைத் தன்னோடு வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பெக்வியா என்ற சின்னத் தீவில் இறக்கிவிட்டான். விடுதலை என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை மறுபடியும் வளைத்துப் பிடித்து, மார்ட்டினிக்குக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். அந்தக் கப்பலின் உடைந்த மிச்சத்தை 1996-இல் வட கரோலினா கரையோரத்தில் கண்டெடுத்தார்கள்.

இதெல்லாம் யாரோ எவரோ பட்ட பாடு என்று நாமும் ஒதுங்கிவிட முடியாது. கடல் வழியே ஆட்களை விற்ற அந்தப் பதினேழாம் நூற்றாண்டு வியாபாரத்துக்கு நம் கரையிலும் ஒரு துறை இருந்தது. பஞ்ச காலங்களில் விலைபோன சோழமண்டலக் கரை ஜனங்களை, டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து படேவியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். இன்று பழவேற்காட்டு ஏரியில் பூநாரை பார்க்கப் படகில் போகிறோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பூநாரை பார்க்கப் போனவன் பூநாரையைப் பார்க்கட்டும்.

என் அபிப்பிராயத்தில், விட்டுவிடுவது குற்றமே அல்ல. குழந்தை குட்டிகளோடு பஞ்சுமிட்டாய் வாங்கித் தின்னப் போகும் இடத்தில் சரித்திரப் பாடம் நடத்த வேண்டும் என்று ராட்டினக்காரனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கொடுமையின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு கொடுமையை உருவி எடுத்துவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏலக்காரன் குரல், கயிறு, வரிசை, விலை கேட்கிற கூட்டம் எல்லாம் அந்தக் காட்சியில் அச்சாக இருந்தன. கரும்புத் தோட்டம் மட்டும் இல்லை. தோட்டத்தில் உழைத்த அடிமை இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தவர்களும் அல்ல. ஆனால் வாடிய முகத்தைக் கண் போய்ப் பிடிப்பதற்குள் படகு நகர்ந்துவிடும். அடுத்த காட்சி வந்துவிடும்.

ஆகையால் கோழி ஏலம் எனக்குச் சம்மதமே. நிற்க முடியாத படகில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டியதில்லை. ஒன்று மட்டும் விசித்திரம்: கிணற்றில் முக்குகிற சித்திரவதையை அவர்கள் தொடவில்லை. அதைப் பார்த்து இன்னும் சிரிக்கலாம். எந்த வலி இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களைச் சுடுகிறதோ அதை மட்டுமே பூங்காக்காரர்கள் துடைக்கிறார்கள் போலிருக்கிறது. அது வியாபாரியின் கணக்கு.

அதே பூங்காவில் 1989-இல் இன்னொரு நீர்ச்சறுக்குச் சவாரி வந்தது. 1946-இல் டிஸ்னி எடுத்த 'தெற்கின் பாட்டு' என்ற படத்தில் வரும் முயல் கதைகளை வைத்துச் செய்தது. படத்தில் அந்தக் கதைகளைச் சொல்பவர் ரீமஸ் மாமா என்ற கறுப்புக் கிழவர். அந்த வேஷத்தில் நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்குப் போகவில்லை. நிறபேதம் கோலோச்சிய அந்த ஊரில் அவர் மற்றவர்களோடு சேர்ந்து கலந்துகொள்ள வழியில்லை. அடிமை வாழ்வின் நினைவை இதமான கிராமத்துக் கனவாகக் காட்டியதாகப் படம் ஏச்சு வாங்கியது. சவாரி கட்டியவர்கள் என்ன செய்தார்கள்? கதை சொன்ன கிழவரையே எடுத்துவிட்டார்கள். கதையில் முயலைப் பிடிக்க நரி செய்யும் தார்ப் பொம்மை கறுப்பு மக்களை இழித்துரைக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டிருந்தது. அதற்குப் பதில் தேன்கூட்டை வைத்தார்கள். முயல் தேனில் ஒட்டிக்கொண்டது!

அடிமைகள் அடுப்படியில் உட்கார்ந்து, பலமுள்ளவனைப் பலமற்றவன் ஏமாற்றித் தப்புவதைச் சொல்லிச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்ட கதைகள் அவை. முயல் இருக்கிறது, நரி இருக்கிறது, சொன்னவன் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடக் கலவரம் தரும் சலவை வேறு இல்லை. 2023-இல் அந்தச் சவாரியையும் மூடி, மறு வருஷம் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பு இளவரசி ஒருத்தியின் கதையை அங்கே வைத்தார்கள். முகம் மாறியதில் மகிழ்ச்சிதான். அதிலும் 1920-களின் லூயிசியானாவில் இருந்த நிறபேதத்தைத் தேடினால் கிடைக்காது.

துடைக்காமல் உள்ளபடியே காட்டுவோம் என்றும் டிஸ்னி கம்பெனி ஒரு தடவை புறப்பட்டது. 1993 நவம்பரில், வர்ஜீனியா மாகாணத்தில் ஹேமார்க்கெட் என்ற ஊருக்கு அருகே 'டிஸ்னியின் அமெரிக்கா' என்று ஒரு சரித்திரப் பூங்கா கட்டப்போவதாக அறிவித்தார்கள். சில மைல் தூரத்தில் மனாசஸ். உள்நாட்டுப் போரில் 1861-லும் 1862-லும் ரத்தம் சிந்திய களம். அடிமையாக இருப்பது எப்படி, தப்பி ஓடுவது எப்படி என்று வருகிறவர்களை உணரச் செய்வோம் என்று பூங்காக்காரர்கள் சொன்னதுதான் தாமதம், எதிர்ப்புக் கிளம்பியது. சரித்திராசிரியர்கள் திரண்டார்கள். அவர்களோடு ஒரு நாவலாசிரியரும் சேர்ந்துகொண்டார்: வில்லியம் ஸ்டைரன். வர்ஜீனியாக்காரர். அவருடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது இரண்டு அடிமைச் சிறுமிகள் அவளுக்கு உடைமையாக இருந்தார்கள். சங்கிலியையும் குடிசையையும் காட்டிவிட்டால் அடிமையின் அனுபவத்தையே காட்டிவிட்டதாக எண்ணுவது போலித்தனம் என்று ஸ்டைரன் பத்திரிகையில் எழுதினார்.

ஸ்டைரன் வாதாடியதில் ஒரு சங்கடமும் உண்டு. 1831-இல் வர்ஜீனியாவில் கலகம் செய்து தூக்கிலேறிய நாட் டர்னர் என்ற அடிமையின் வாயால் சொல்வதுபோல் அவரே ஒரு நாவல் எழுதியிருந்தார். அது வெளியானதும், கடற்கொள்ளைச் சவாரி தொடங்கிய அதே 1967-இல்தான். மறு வருஷம் புலிட்சர் பரிசு வாங்கியது. அதே வருஷம் கறுப்பு எழுத்தாளர்கள் பத்துப் பேர், எங்கள் வீரனை உன் இஷ்டத்துக்கு வளைத்தாய் என்று ஒரு புத்தகமே போட்டார்கள். பிறர் பட்ட பாட்டை எடுத்துக் காசாக்குவதில் ராட்டினக்காரனுக்கும் எழுத்தாளனுக்கும் அப்படியொன்றும் மலையளவு பேதமில்லை. எங்கள் பக்கம் ஒரே ஓர் அனுகூலம் உண்டு: படிக்கிறவன் பக்கத்தைத் திருப்பாமல், வேண்டிய நேரம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

1994 செப்டம்பர் 28-ஆம் தேதி டிஸ்னி கம்பெனி அந்த இடத்தைக் கைவிட்டது. பின்னாளில் அங்கே வீடுகள் முளைத்தன.

சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, அதே வர்ஜீனியாவில், வில்லியம்ஸ்பர்க்கில் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு நகரம் ஒன்றை ராக்பெல்லர் பணத்தில் 1920-களிலிருந்து பழையபடி புதுப்பித்து, அந்தக் கால உடை போட்டவர்கள் ஜனங்களுக்கு விளக்கும்படி நடத்துகிறார்கள். கேளிக்கைக்கும் பாடத்துக்கும் நடுவான இடம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் கறுப்பு மக்கள். ஆனாலும் புதுப்பித்த நகரத்தில் நெடுநாள் வரையில் பிரபுக்களும் தட்டான்களும் தச்சர்களுமே முன்னால் நின்றார்கள். அங்கே 1994 அக்டோபர் 10-ஆம் தேதி ஓர் அடிமை ஏலத்தை நடித்துக் காட்ட ஏற்பாடாயிற்று. ஏற்பாடு செய்தவர், அந்த நிறுவனத்தில் கறுப்பு மக்களின் வரலாற்றுப் பிரிவுக்குத் தலைவியாக இருந்த கிறிஸ்டி கோல்மன். அவரும் கறுப்புப் பெண்மணி.

எதிர்ப்பு கறுப்பு மக்களிடமிருந்தே வந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் எங்கள் பாட்டிமாரை மறுபடி விற்பதா என்ற அந்தக் கோபத்தை அலட்சியம் செய்ய யாருக்கும் மனம் வராது. கேளிக்கைப் பூங்காக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? அன்று சுமார் 2000 பேர் கூடினார்கள். சிலர் பாடி மறித்தார்கள். கோல்மன் வெளியே வந்து, தழுதழுத்த குரலில், முதலில் பாருங்கள், பார்த்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு பழைய சத்திரத்தின் முன்னால் ஏலம் நடந்தது. கர்ப்பிணி அடிமையாகக் கோல்மனே நின்றார். அவளை ஒருவன் வாங்கினான். அவள் புருஷனை இன்னொருவன் வாங்கினான்.

கூட்டம் எங்கும் நகரவில்லை. நகர்த்தப் படகு இல்லை. விலை கேட்கிறவர்கள் நின்றிருக்கக்கூடிய இடத்தில், அதே தெருவில், வெறுங்கையோடு நின்று பார்க்க வேண்டியிருந்தது. எதிர்க்க வந்தவர்களில் ஒருவர், கறுப்பு மக்களின் உரிமைக்காகப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் வர்ஜீனியா பிரமுகர் ஜாக் கிராவ்லி. முடிந்ததும் அவர் தம் எண்ணம் மாறிவிட்டதாகச் சொன்னார். வேதனைக்கு ஒரு முகம் இருப்பதைத் தாம் கண்டதாக அவர் பேச்சின் சாரம். எல்லோரும் அவர்போல் மாறிவிடவில்லை. ஏற்காதவர்கள் ஏற்காமலே போனார்கள். ஏலத்தை ஆண்டுதோறும் நடத்தும் வாடிக்கையாக அந்த நிறுவனமும் ஆக்கவில்லை. ஆக்கியிருந்தால் நாலாவது வருஷம் அதற்கும் டிக்கெட்டு, வரிசை, கைதட்டல் எல்லாம் வந்திருக்கும்.

கோல்மன் பிற்பாடு ரிச்மண்டில், அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்கு மாகாணங்களின் பழைய தலைநகரத்தில், உள்நாட்டுப் போர் அருங்காட்சியகத்துக்கே தலைவியானார்.