பெருவிலங்கு வேட்டைக் குண்டுகள்

மான், கடமான், காட்டெருமை, கரடி, யானை முதலிய பேருடல் விலங்குகளைச் சுடுவதற்கென ரைஃபிள்களில் பயன்படும் ஈய, செம்புக் குண்டுகள். தோட்டாவின் நுனியில் இருந்து, வெடிமருந்து எரிந்ததும் குழலைவிட்டுப் பறந்துபோகும் பகுதியே இங்கே குண்டு எனப்படுகிறது. அதனிடம் எதிர்பார்க்கப்படுபவை இரண்டு. தோல், தசை, எலும்பு ஆகியவற்றைக் கடந்து இதயம், நுரையீரல் அல்லது மூளையை எட்ட வேண்டும். எட்டிய இடத்தில் விலங்கு விரைவாக உயிர்விடும் அளவுக்குச் சேதம் செய்ய வேண்டும். முதலாவதற்குக் குண்டு உருக்குலையாதிருக்க வேண்டும். இரண்டாவதற்கு அது விரிய வேண்டும். ஒன்றையொன்று மறுக்கும் இந்தத் தேவைகளை இணைக்க நடந்த முயற்சிகளே இதன் வரலாறு. அந்த முயற்சி தவறியபோதெல்லாம் விலங்கு காயத்தோடு புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் வதைபட்டுச் செத்தது. ஆகவே ஒரு குண்டின் தரத்தை அது தாக்கிய விலங்கின் கடைசி நிமிடங்களைக் கொண்டு மதிப்பிடுவதே நேர்மை.

கருமருந்துக் காலத்தில் குண்டு என்றால் பெரும்பாலும் ஈய உருண்டைதான். கருமருந்தால் அதற்கு ஓரளவுக்கு மேல் வேகம் தர இயலாது. எனவே பெரிய விலங்குக்குப் பெரிய உருண்டை என்பதே ஒரே வழியாக இருந்தது. ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ, அந்த எண்ணே துப்பாக்கியின் அளவாக வழங்கியது. நான்காம் எண் துப்பாக்கியின் உருண்டை ஏறத்தாழ 113 கிராம் எடையும் 27 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. எட்டாம் எண்ணுடையது அதில் பாதி எடை. 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் நிறுவனத்தில் செய்வித்த ரைஃபிள் 21 பவுண்டு எடையுள்ளது. குண்டைச் சுழலச் செய்யும் சுருள்வரிகளான புரிகள் இரண்டே வெட்டிய அதன் குழலில், இடுப்பில் பட்டையுள்ள மூன்று அவுன்ஸ் உருண்டையையோ நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டையோ இட்டுச் சுட்டார். தூய ஈயம் எலும்பில் பட்டதும் நசுங்கிவிடும் என்பதால் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து ஈயத்தைக் கடினப்படுத்துவது அக்கால வழக்கம்.

இலங்கை யானைகளை நேர்முகமாக நெற்றியில் சுட்டு வீழ்த்திப் பழகிய பேக்கர், பின்னர் நைல் ஆற்றுப் பகுதிகளில் அதே இடத்தில் சுட்டபோது ஆப்பிரிக்க யானைகள் விழவில்லை. அவற்றின் மண்டையோட்டின் அமைப்பு வேறு. மூளை இருக்கும் இடமும் குண்டு கடக்க வேண்டிய எலும்பின் கனமும் வேறு. எந்த விலங்கை, எந்தக் கோணத்தில் என்று அறியாமல் குண்டின் எடையை மட்டும் கூட்டிப் பயனில்லை என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று. மத்திய இந்தியக் காடுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சைத், 1860களில் எழுதிய நூலில், குறைந்த முறுக்குள்ள புரியும் மிகுந்த மருந்தும் சேர்ந்தால் உருண்டைக் குண்டே காட்டில் நம்பகமானது என்று வாதிட்டார். படைகளோ அதற்குள் நீள் குண்டுக்கு மாறிக்கொண்டிருந்தன.

1856இல் லண்டனின் ஜேம்ஸ் பர்டி, எடை குறைந்த குண்டை மிகுந்த மருந்தால் செலுத்தும் ரைஃபிள்களை ‘எக்ஸ்பிரஸ்’ ரயிலின் பெயரால் விற்கத் தொடங்கினார். குண்டு அதிகம் தாழாமல் ஏறத்தாழ நேராகச் செல்ல, தொலைவைக் கணிப்பதில் நேரும் பிழை குறைந்தது. குண்டின் முனையைக் குடைந்து செம்புக் குழாய் செருகும் முறையும் வந்தது. மான்களுக்கு இவை விரைந்த சாவைத் தந்தன. கனத்த தசையும் எலும்பும் உள்ள விலங்குகளிலோ மேலோட்டமாகவே சிதறி, உள்ளுறுப்பைத் தொடாத பெரும்புண்ணை உண்டாக்கின. வேகம் கூடக்கூட மென்மையான குண்டு உள்ளே போகும் ஆழம் குறையலாம் என்ற உண்மை அப்போதே வெளிப்பட்டது. ஆனால் அடுத்த நூறாண்டில் அதைப் பலமுறை மறந்து, திரும்பத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது.

1884இல் பிரான்சின் பால் வியேய் உருவாக்கிய புகையற்ற மருந்து எல்லாவற்றையும் மாற்றியது. புதிய வேகத்தில் வெற்று ஈயம் புரிகளில் உரிந்து குழலை அடைத்தது. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் அதற்குச் சற்று முன்பே ஈயத்தின்மேல் செம்பு உறை போடும் முறையை வகுத்திருந்ததால் வழி கிடைத்தது. குண்டு சிறுத்தது, நீண்டது, ஆழமாகத் துளைத்தது. ஆனால் முழு உறையிட்ட மெல்லிய குண்டு உடலில் சிறு துளை மட்டும் இட்டு வெளியேறக்கூடியது. வடமேற்கு எல்லைப்புறப் போர்களில் இதைக் குறையாகக் கண்ட பிரித்தானிய இந்தியப் படை, கல்கத்தாவை அடுத்த தம்தம் ஆயுதசாலையில் முனை ஈயம் வெளியே தெரியும் குண்டைச் செய்தது. மனித உடலில் அது செய்த கொடுமை கண்டனத்துக்கு உள்ளாக, 1899இல் ஹேக் மாநாடு போரில் விரியும் குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனத்தை ஏற்றது. வேட்டையில் சட்டம் நேர் எதிர்த்திசையில் சென்றது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1991ஆம் ஆண்டு மான் சட்டம், ரைஃபிளால் மானைச் சுடுவதற்கு விரியும் குண்டைத்தான் அனுமதிக்கிறது. போர்க்களத்தில் காயம்பட்டவருக்கு மருத்துவம் உண்டு. காட்டில் தப்பிய மானுக்கு அது இல்லை. இரண்டு சட்டங்களும் குறைக்க முயல்வது ஒரே வதையைத்தான்.

1898இல் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா (எண் குறிப்பது ஏறத்தாழ அங்குலத்தில் விட்டம்), 31 கிராம் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. தோளை நோகடித்த நான்காம் எண் துப்பாக்கிகள் அதோடு வழக்கொழியத் தொடங்கின. சில ஆண்டுகளில் இந்தியாவில் .450 விட்டத்துக்குத் தடை வந்தது. படைத் துப்பாக்கியின் அதே விட்டம் என்பதால், தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கையில் பயன்படும் என்று அரசு அஞ்சியது. .470, .475 என நெருங்கிய அளவுகள் பல பிறந்ததற்கு இதுவே காரணம். 1911இல் .416 ரிக்பியும் 1912இல் .375 ஹாலந்து மேக்னமும் வந்தன. தேர்வு இப்போது இருவகைப்பட்டது: புலி, சிங்கம் போன்றவற்றுக்கு முனை ஈயம் திறந்த மென்முனைக் குண்டு, யானை, காண்டாமிருகத்துக்குக் கனத்த உறையிட்ட கடினக் குண்டு. இரட்டைக் குழலில் ஒன்றில் அதையும் மற்றதில் இதையும் இட்டுச் சென்றவர்களும் உண்டு.

பெருவிட்டமே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை அசைத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல். தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளைக் கொன்ற அவர், அவற்றில் பெரும்பகுதிக்கு .275 ரிக்பியையே பயன்படுத்தினார். அதன் குண்டு 11 கிராம்தான். ஆனால் விட்டத்துக்கு மிக நீளமானது, உருண்டை முனையுள்ளது, முழு உறையிட்டது. எடையை விட்டத்தின் இருமடியால் வகுத்தால் கிடைக்கும் குறுக்குவெட்டு அடர்த்தி உயர்ந்திருந்ததால் அது வளையாமல் மண்டையோட்டைக் கடந்தது. பெல் யானைத் தலைகளை அறுத்துப் பார்த்து, எந்தப் பக்கத்திலிருந்தும் மூளையின் இடத்தைக் குறிக்கப் பயின்றவர். அவருடைய துப்பாக்கியை வாங்கலாம். அந்தப் பயிற்சியை வாங்க முடியாது. ஆப்பிரிக்க நாடுகள் பல, ஆபத்தான விலங்குகளுக்கு .375 என்ற கீழெல்லையைச் சட்டமாக்கியது பொருத்தமே. அந்தத் தந்த வேட்டையையே பெருமையாகச் சொல்லிய காலம் கழிந்துவிட்டதும் நல்லதே. இந்தியாவிலும் பெருவிட்டத் துப்பாக்கி வழங்கியது; தென்னிந்தியாவில் ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டு அவற்றைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை வைத்திருந்தார். 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

அமெரிக்காவில் விவாதம் வேறு வடிவம் எடுத்தது. 1925இல் வந்த .270 வின்செஸ்டரின் வேகமான 8.4 கிராம் குண்டை ஜாக் ஓ’கானர் போற்றி எழுதினார். மெதுவான, கனத்த, பெருவிட்டக் குண்டே வேண்டும் என்றார் இன்னோர் எழுத்தாளரான எல்மர் கீத். அவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, விடை குண்டின் உள்ளமைப்பில் கிடைத்தது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு காய்ந்து அப்பிய ஒரு மூஸ் மானைச் சுட்ட ஜான் நோஸ்லர், தன் அதிவேகக் குண்டுகள் உடலின் மேற்பரப்பிலேயே உடைந்துபோவதைக் கண்டார். அவர் செய்த குண்டில் செம்பு உறையின் நடுவே ஒரு குறுக்குச் சுவர் உண்டு. முன்னறை ஈயம் விரிந்து புண்ணை அகலப்படுத்தும். பின்னறை குலையாமல் உள்ளே செல்லும். 1948இல் ‘பார்ட்டிஷன்’ என விற்பனைக்கு வந்த இது இன்றும் செய்யப்படுகிறது. இதையொத்த இரண்டு அறைக் குண்டு ஜெர்மனியில் முன்னரே இருந்தது. ஆயினும் ஒரே குண்டில் துளைப்பையும் விரிவையும் பொதுவான வேட்டைக்காரர் கைக்குக் கொண்டுசேர்த்தது நோஸ்லரின் குண்டுதான். பின்னர் ஈயத்தையும் உறையையும் உருக்கி ஒட்டும் முறை வந்தது.

ஈயத்தையே விலக்கியது அடுத்த கட்டம். 1989இல் அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனத்தை நடத்திய ராண்டி புரூக்ஸ், முழுச் செம்பாலான, முனை நான்கு இதழாக மலரும் குண்டை வெளியிட்டார். ஆழமாகத் துளைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஈயத்தின் நஞ்சு பின்னர்தான் முதன்மைக் காரணமாயிற்று. ஈயக் குண்டு பட்ட மானின் உடலை எக்ஸ்ரே எடுத்தால், குண்டு சென்ற பாதையிலிருந்து விலகிக்கூட நுண்துகள்கள் தெரியும். வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்செல்லும் குடலைத் தின்ற கலிபோர்னியப் பிணந்தின்னிக் கழுகுகள் அந்த ஈயத்தால் மாண்டன; 1980களில் அந்த இனம் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. 2008 முதல் கழுகுகள் வாழும் பகுதியிலும், 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதிலும், வேட்டையில் ஈயக் குண்டுகளைக் கலிபோர்னியா தடைசெய்தது.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டு தடுமாறாமல் பறக்கப் புரியின் முறுக்கு கூடுதலாக வேண்டும். மேலும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே செம்பின் முனை மலராது. எனவே பழைய, முறுக்குக் குறைந்த குழல்களுக்கு எடை குறைந்த செம்புக் குண்டே பரிந்துரைக்கப்படுகிறது. குண்டு இலக்கை அடையும்போது மலர்வதற்கான வேகம் எஞ்சியிருக்கும் தொலைவே சுடுவதற்கான எல்லையாகக் கொள்ளப்படுகிறது.