தீபத்துக்கு ஒரு கிரான் ஜாப்

2024 டிசம்பர் 13, கார்த்திகை தீபம். ராத்திரி பதினொன்றரைக்கு எங்க குடும்ப குரூப்ல ஒரு மெசேஜ்: "மலையில தீபம் ஏத்தியாச்சு, விளக்கேத்துங்க." அனுப்பினது நான் எழுதின ஸ்கிரிப்ட். அன்னைக்குத் திருவண்ணாமலையில யாரும் சீக்கிரம் தூங்க மாட்டாங்க. பாட்டி உடனே போன்ல வந்துட்டாங்க. "ஏம்ப்பா, ஏத்தி அஞ்சரை மணி நேரம் ஆச்சே!"

பாட்டி தெருவுல இதுக்கு டைமரே கிடையாது. சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடியில நிப்பாங்க. 2,668 அடி உச்சியில, கொப்பரையில நெருப்பு தெரிஞ்சதும் வீட்டு விளக்கை ஏத்துவாங்க. சென்னையிலயும் பெங்களூருலயும் ஆபீஸ்ல உக்காந்திருக்கற எங்களுக்கு மலை தெரியாது. அதனால கடிகாரம் வேணும். நான் எடுத்தது கிரான்.

கிரான் ரொம்பப் பழைய ஆள். பெல் லேப்ஸ்ல கென் தாம்ஸன் எழுதினது. பேரு, காலத்தைக் குறிக்கற கிரேக்கச் சொல்லான க்ரோனோஸ்ல இருந்து வந்தது. 1979-ல வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸ்ல அது செஞ்ச வேலை ரொம்ப எளிமை: நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து, ஒரு பட்டியலைப் பார்த்து, இப்போ செய்ய வேண்டியது இருந்தா ஷெல்கிட்ட கொடுத்துட்டுத் திரும்பத் தூங்கும். நூறு பேர் ஒரே மெஷினைப் பயன்படுத்தின பர்டியூ பல்கலைக்கழகத்துல இந்த வழி கட்டுப்படியாகலை. அங்க ராபர்ட் பிரவுன், அடுத்த வேலை எப்போன்னு முன்னாடியே கணக்குப் போட்டு அதுவரைக்கும் தூங்கற மாதிரி மாத்தினார். 1987-ல பால் விக்ஸி எழுதினதுதான் லினக்ஸ்ல பரவலாச்சு.

என் வரி இதுதான்: 0 18 13 12 *. நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. சாயங்காலம் ஆறு மணி, டிசம்பர் 13, எந்தக் கிழமையா இருந்தாலும் சரி. தப்பு வரியில இல்லை, சர்வர்ல. அது யூடிசி நேரத்துல ஓடுது. அதுக்கு 18 மணின்னா நமக்கு ராத்திரி 11:30. (1906-ல ஐஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி மெட்ராஸ் நேரம் இதைவிட ஏறக்குறைய 9 நிமிஷம் பின்னாடி. அப்போ இருந்திருந்தா கணக்கு இன்னும் அசிங்கமா இருந்திருக்கும்.)

சரி, 18-ஐ 12:30 ஆக்கிட்டேன். அப்புறம்தான் பெரிய ஓட்டை தெரிஞ்சுது. அந்த அஞ்சு கட்டத்துல வருஷத்துக்கு இடமே இல்லை! அப்படியே விட்டிருந்தா 2025-லயும் டிசம்பர் 13-க்குத்தான் மெசேஜ் போயிருக்கும். தீபமோ டிசம்பர் 3. 2023-ல நவம்பர் 26. கார்த்திகை மாசத்துல கார்த்திகை நட்சத்திரமும் பௌர்ணமியும் ஒட்டி வர்ற நாள் அது. கிரானுக்கு நிலாவே தெரியாது. 'வெள்ளிக்கிழமைதோறும்'னு சொன்னா புரியும், 'பௌர்ணமிதோறும்' புரியாது. முப்பது நாளைக்கு ஒரு தடவைன்னு ஏமாத்தவும் முடியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.53 நாள், ஒரே வருஷத்துல ஆறு நாள் பிசகிடும். கிரிவலத்துக்கு 14 கிலோமீட்டர் நடக்கக் கிளம்பறவங்க ஒவ்வொரு மாசமும் கோயில் அறிவிக்கற நேரத்துக்காகக் காத்திருக்கறது சும்மா இல்லை.

இப்போ என் ஸ்கிரிப்ட் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து, ஒரு ஃபைல்ல இன்னிக்குத் தேதி இருக்கான்னு பார்க்குது. இல்லைன்னா சத்தமில்லாம முடிஞ்சுடும். அந்த ஃபைலைப் பஞ்சாங்கம் பார்த்து நான்தான் டைப் பண்றேன்.

2025-ல மெசேஜ் சரியா ஆறு மணிக்கே போச்சு. பாட்டிதான் பார்க்கலை. அந்த ராத்திரி மியூட் பண்ணின குரூப்பை அவங்க இன்னும் திறக்கவே இல்லை.