யூபிலியும் கடன் விடுதலையும்

விவிலியத்தின் லேவியராகமம் ஐம்பதாம் ஆண்டினை யூபிலி என விதிக்கின்றது. அவ்வாண்டில் விற்ற நிலம் உரியவனிடம் மீளும்; அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திடம் திரும்புவான். கடனை விடுவிக்கும் விதியோ உபாகமத்தில் ஏழாம் ஆண்டுக்கு உரியது. 1990களிற் பிரித்தானியாவில் எழுந்த 'யூபிலி 2000' இயக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. நூல்நோக்கில் இது சிறிது வழுவெனினும் பொருள்நோக்கிற் பொருத்தமே.

1970களில் எண்ணெய்ப் பணம் நிரம்பிய வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன, அரசுகளும் கொடுத்தன. பின்னர் வட்டி உயர்ந்தது. வறிய நாடுகளின் ஏற்றுமதிப் பண்டங்கள் விலை வீழ்ந்தன. வாங்கிய அரசு மறைந்தபின்னும் அது பட்ட கடனைக் குடிகளே இறுத்தனர்.

கீல் பல்கலைக்கழகத்து மார்ட்டின் டென்ற் இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 1998 மே 16 இல், எட்டுப் பெருநாடுகளின் தலைவர் கூடிய பேர்மிங்ஹாம் நகரில், ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து நின்றனர். தேவாலயங்களிலிருந்து வந்தோர் அவருட் பலர். அடுத்த ஆண்டு கொலோன் மாநாடு கடன்குறைப்பை விரிவாக்கியது. 2005 இல் உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம் ஆகியவற்றின் கடன்களையும் நீக்க இணக்கம் ஏற்பட்டது. உகண்டா விடுபட்ட பணத்தை ஆரம்பக் கல்வி முதலியவற்றுக்கென ஒதுக்கியது.

ஆயினும் தகுதியை அளந்தோரும் நிபந்தனை விதித்தோரும் கடன் கொடுத்தவரே. லேவியராகமத்து யூபிலியிலோ காலம் வந்ததும் விடுதலை வரும். கொடுத்தவன் இசைவு கேட்கப்படுவதில்லை. இவ்வாறு கடன் நீங்கப்பெற்ற சாம்பியா 2020 இலும் கானா 2022 இலும் மீண்டும் கடனிறுக்க இயலாது நின்றன.