கடலூர் முதல் சாங்கி வரை: பீரங்கிக் குண்டின் சுழற்சிக் கணக்கு

தேக்காவில், சிராங்கூன் சாலையில் அமைந்துள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த நாள்களில் மக்களுக்குப் புகலிடமாக விளங்கியது. வெல்லற்கரிய கோட்டை எனப் போற்றப்பட்ட சிங்கப்பூர், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் வீழ்ந்தது. பெரும் பீரங்கிகள் யாவும் கடலையே நோக்கி நின்றமையால்தான் இவ்வீழ்ச்சி நேர்ந்தது என்பர் பலர். அது முழு உண்மையன்று. உண்மையை உணர, பீரங்கி தொழிற்படும் முறையை அறிதல் வேண்டும். அவ்வறிவின் வரலாறோ தமிழகத்தையும் தொட்டுச் செல்கிறது.

உட்புறம் வழவழப்பான பழைய துப்பாக்கிகளில், உருண்டைக் குண்டு குழலின் சுவரில் உராய்ந்து, கண்டபடி சுழன்று குறி தவறியது. குழலுக்குள் மரைபோலச் சுருண்டு செல்லும் பள்ளங்களை வெட்டினால் குறி தவறாது என்பதைக் கைவினைஞர் முன்னரே அறிந்திருந்தனர். அதன் காரணத்தை அறிவியல் முறையில் விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். பள்ளங்களைப் பற்றிச் செல்லும் குண்டு, தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்வதால் நெறி பிறழாது என்று 1747இல் அவர் எடுத்துரைத்தார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்த அவர், 1751இல் கடலூர்ப் புனித டேவிட் கோட்டையில் உயிர்நீத்தார்.

பிற்காலத்தில் உருண்டைக் குண்டு மறைந்து நீள்குண்டு வந்தது. விரைந்து சுழலும் பம்பரம் சாயாது நிற்றல்போல, நீள்குண்டும் சுழற்சியாலேயே தலைகுப்புறக் கவிழாமல் செல்கிறது. குண்டு நீள நீள விரைவான சுழற்சி வேண்டும் என்பதை 1879இல் கிரீன்ஹில் என்னும் அறிஞர் ஒரு சிறு வாய்பாட்டில் அடக்கினார்.

சுழற்சியைக் கணக்கிடும் முறை மாணவர்க்கும் எளிதே. குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் எவ்வளவு தொலைவு முன்னேறுகிறது எனக் காண வேண்டும். குழல்வாயை விட்டு நீங்கும் வேகத்தை அத்தொலைவால் வகுத்தால், ஒரு நொடியில் அது சுற்றும் சுற்றுகள் கிடைக்கும். 1942இல் வீரர்கள் ஏந்திய லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வேகம் நொடிக்கு 2,440 அடி. எனவே அதன் குண்டு நொடிக்கு 2,928 முறை சுழலும்.

இக்கணக்கைச் சாங்கிக்குக் கொண்டு செல்வோம். அங்கே ஜொகூர்ப் பீரங்கித் தளத்தில் 15 அங்குல வாய் விட்டமுள்ள மூன்று பீரங்கிகள் இருந்தன. வாய் விட்டத்தைப்போல் 30 மடங்குத் தொலைவுக்கு, அதாவது 450 அங்குலத்துக்கு, ஒரு சுற்று. இது 37.5 அடி. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,450 அடி. வகுத்தால் நொடிக்கு 65 சுற்றுகள் வரும். 1,900 இராத்தலுக்கு மேற்பட்ட எஃகுக் குண்டு, குழலுக்குள் ஒன்றரைச் சுற்றைக்கூட முடிக்காமல் இவ்விரைவை எய்திற்று என்பது வியப்பன்றோ!

1942 பிப்ரவரியில் இவற்றுள் இரண்டு பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன. ஆயினும் பயன் என்ன? அவற்றுக்கென வைத்திருந்தவை போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளே. அத்தகைய குண்டின் எடையில் மிகச் சிறு பங்கே வெடிமருந்து. கப்பலைப் பிளக்க வல்ல அக்குண்டு, மென்மையான மண்ணில் விழுந்தபோது ஆழப் புதைந்த பின்னரே வெடித்தது. பரந்து நின்ற காலாட்படைக்கு அதனால் பெருந்தீங்கு விளையவில்லை. படையினரைச் சிதறடிக்கும் பெருவெடிக் குண்டுகள் அப்பீரங்கிகளுக்கு வழங்கப்படவே இல்லை. பிப்ரவரி 12ஆம் நாள், பகைவர் கையில் சிக்காவண்ணம் அவற்றைப் பிரிட்டிஷாரே தகர்த்தனர்.

ஆகவே பிழை சுழற்சிக் கணக்கிலும் இல்லை. பீரங்கி நோக்கிய திசையில் மட்டும் இருந்ததும் இல்லை. பகைவன் கடல்வழியே கப்பலில்தான் வருவான் எனப் பல்லாண்டுகளுக்கு முன்னரே செய்துகொண்ட முடிவில்தான் அது வேரூன்றியிருந்தது. அதன் விளைவைத் தேக்காவின் எளிய மக்களும் மூன்றரை ஆண்டுக் காலம் சுமந்தனர். குண்டு எவ்வாறு சுழலும் என்பதைக் கணிதம் பிழையின்றிச் சொல்லும். எந்தக் குண்டு, யாரை நோக்கி என்பதை மனிதரே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். சாங்கியில் இன்று நிற்கும் மாதிரிப் பீரங்கியைக் காணச் செல்லும் மாணவர் இதனையும் எண்ணிப் பார்ப்பாராக.