பிறந்தநாள் பாட்டு ஆருடைய சொத்து?



பிறந்தநாள் வாழ்த்து நேரத்தைத் தொகுத்து வழங்கும் எனக்கு 'ஹப்பி பேர்த்டே' பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் சென்ற மாதம் ஒரு சிறுமி நேரடி ஒலிபரப்பில், "மாமா, இந்தப் பாட்டை ஆர் எழுதினது?" என்று கேட்டபோது விழித்தேன். அவளுக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே தருகிறேன்.

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்றொரு நகரம். அங்கே பாலர் பாடசாலை அதிபராக இருந்தவர் பட்டி ஹில். அவருடைய அக்கா மில்ட்ரெட், இசை தெரிந்தவர். அக்கா மெட்டுப் போட, தங்கை சொற்களை எழுதுவார். அதைப் பிள்ளைகளிடம் பாடிக் காட்டுவார்கள். பிள்ளைகளுக்குச் சிரமமாக இருந்தால் மெட்டைத் திருத்திவிட்டு மறுபடி பாடுவார்கள். அப்படி உருவான ஒரு காலை வணக்கப் பாட்டு 1893 இல் அவர்களுடைய பாட்டுப் புத்தகத்தில் வெளிவந்தது. நாம் பாடும் மெட்டு அதுதான். பிறந்தநாள் சொற்கள் பின்னர் அதில் ஏறிக்கொண்டன. 1912 அளவில் அச்சிலும் வந்துவிட்டன. மில்ட்ரெட் 1916 இல் காலமானார்.

1935 இல் சமி என்ற பதிப்பகம் பிறந்தநாள் பாட்டுக்குக் காப்புரிமை பதிந்தது. கைமாறிக் கைமாறி 1988 இல் அது வோர்னர் சப்பெல் நிறுவனத்திடம் வந்தது. வீட்டில் கேக் வெட்டிப் பாடினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். படத்தில், மேடையில் பாடினால் கட்டணம். ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் டொலர் வருமானம் என்று மதிப்பிடப்பட்டது. அமெரிக்க உணவகங்கள் சில, கட்டணத்துக்குப் பயந்து தாங்களே வேறு பாட்டுக் கட்டிக் கைதட்டிப் பாடின! சகோதரிகளின் பங்கில் ஒரு பகுதி பிற்காலத்தில் சிறுவர் கல்விச் சங்கம் ஒன்றுக்குப் போனது. அந்தப் பணத்தை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.

இந்தப் பாட்டைப் பற்றியே விவரணப் படம் எடுத்த ஜெனிபர் நெல்சனிடமும் 1,500 டொலர் வாங்கினார்கள். அவர் 2013 இல் வழக்குப் போட்டார். நிறுவனமே கையளித்த ஆவணங்களில் ஒரு பழைய பாட்டுப் புத்தகப் பக்கம் இருந்தது. பாட்டின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வழக்கறிஞர்கள் விடவில்லை. நூலகத்தில் தேடி 1922 ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வரியில் பதிப்பகத்தின் அனுமதி பற்றி மட்டுமே இருந்தது. காப்புரிமை அறிவிப்பு இல்லை.

2015 செப்ரெம்பரில் நீதிபதி ஜோர்ஜ் கிங் தீர்ப்பளித்தார். பியானோ இசையமைப்புகளுக்கான உரிமைதான் பதிப்பகத்துக்குக் கிடைத்தது, பாடல் வரிகளுக்கான உரிமை கிடைக்கவேயில்லை என்றார். 2016 இல் 140 இலட்சம் டொலர் இணக்கத்துடன் வழக்கு முடிந்தது. பாட்டு எல்லோருக்கும் பொதுவாயிற்று.

அந்தச் சிறுமி மறுபடி அழைத்தால் பதில் தயார். ஆனால், "மெட்டுச் சரி மாமா, பிறந்தநாள் சொற்களை முதலில் எழுதினது ஆர்?" என்று கேட்டாளென்றால், நீதிமன்றத்திலேயே அது முடிவாகவில்லை பிள்ளை என்றுதான் சொல்லவேண்டும்.