பிள்ளைக் காம்பராவும் பென்சில் பிடிக்கும் விரலும்

 

தரம் ஒன்றுக்குப் பிள்ளை சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். "சேர், மகனுக்கு அ, ஆ முழுக்க எழுதத் தெரியும். ஏபிசிடியும் தெரியும்." ஒற்றைக் காலில் நிற்பானா, பந்தைப் பிடிப்பானா, சட்டைப் பொத்தானைத் தானே போடுவானா என்று எவரும் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. நம் தோட்டங்களின் வரலாற்றோடு சேர்ந்து வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

கோப்பிக் காலத்தில் மலைக்கு வந்தவர்களில் ஆண்களே அதிகம். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வைத்தார். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. பிறகு எல்லாம் மாறியது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்க எடுக்கவேண்டியது. அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் தங்கும், லயத்தில் பிள்ளை பிறக்கும். அப்போதுதான் துரைமாருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. தாய் கூடையோடு மலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?

அதற்குக் கிடைத்த விடைதான் பிள்ளைக் காம்பரா. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை. வளையிலிருந்து தொங்கும் துணித் தொட்டில்கள். கொழுந்து எடுக்க முடியாத வயதில் ஒரு ஆயம்மா. தாய் பால் கொடுக்க இடையில் இறங்கி வருவாள், மறுபடி மலைக்கு ஏறுவாள். அந்த இடம் யாருக்காகக் கட்டப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளை வளர்வதற்காகக் கட்டவில்லை, தாயின் கை வேலையிலிருந்து நிற்காமல் இருப்பதற்காகக் கட்டினார்கள். ஆகவே பிள்ளை அழாமல் தொட்டிலில் கிடந்தால் அது நல்ல காம்பரா. ஆயம்மாமாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருத்தி எத்தனை பிள்ளையைத்தான் இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்வாள்?

சட்டமும் அப்படித்தான் பார்த்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமீது வைத்தது. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று கூலி வகுத்தது. பத்து வயதுக்குக் கீழே வேலைக்கு எடுக்கக்கூடாது என்பதும் அதில்தான் இருந்தது. அதாவது பத்து வயதில் பெயர் செக்ரோலில் ஏறலாம், ஆறு வயதில் பள்ளிக்கூடம் போகலாம். ஆறுக்குக் கீழே இருந்த பிள்ளை, தாயின் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாத ஒன்று, அவ்வளவுதான்.

இதே காலத்தில் உலகத்தில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் ஃபுரோபெல் 1837இலேயே சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டின் வழியாகப் படிப்பிக்கும் இடம் தொடங்கிவிட்டார். லண்டனின் டெப்ட்போர்ட் பகுதியில் மார்கரெட் மெக்மிலன் 1914இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்தவெளி நர்சரி நடத்தினார். குளிரோ வெயிலோ, அங்கே பிள்ளை தோட்டத்தில்தான் இருக்கும். மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கினார், நம் நுவரெலியா போல ஒரு குளிர் மலையூர். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அந்த அம்மையாரின் பெயர் இன்று ஹட்டன் டவுனில் எத்தனை போர்டுகளில் தொங்குகிறது! ஆனால் அவர் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்த வேலைகள் எவை? குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போட்டுக் கழற்றுவது, தரையில் கீறிய கோட்டின்மேல் விழாமல் நடப்பது. எழுத்துக்குப் போகும் முன்பே கையையும் காலையும் பழக்கினார். நம்மிடம் போர்டு வந்துசேர்ந்தது. கோட்டின்மேல் நடப்பது வந்துசேரவில்லை.

ஏன் இந்த வரிசை முக்கியம் என்றால், உடம்பு நடுவிலிருந்து வெளியே பழகுகிறது. முதலில் முதுகும் தோளும் உறுதியாகும். பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் விரல். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு வரிக் கொப்பியில் எழுத வைத்தால், பிள்ளை தோளால் எழுதும். பென்சிலை முஷ்டியில் பிடிக்கும், தாள் கிழிய அழுத்தும், கொஞ்ச நேரத்தில் கை வலிக்கும், படிப்பே வெறுக்கும். தொங்குவதும் தவழ்வதும் டயர் உருட்டுவதும் மண் பிசைவதும்தான் எழுத்துக்கான ஆயத்தம்.

இதைச் சொன்னால் பெரியவர்கள் சிலர், "நாங்கள் லயத்து முற்றத்தில் போளை அடித்தும் பம்பரம் விட்டும்தானே வளர்ந்தோம், அந்தக் காலமே நல்லது" என்பார்கள். பாதிதான் உண்மை. கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் பாண்டியும் எந்தப் பயிற்சிக் கைந்நூலுக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் அந்த விளையாட்டு முற்றத்தில் இறங்கும் வயது வந்த பிள்ளைக்குக் கிடைத்தது. அக்காமாரில் பலர் இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு ஓரமாக நின்றார்கள். வயிற்றில் கொக்கிப்புழுவும் இருந்தது. ரொக்பெல்லர் நிதியத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916இல் மாத்தளைத் தோட்டங்களில்தான் தொடங்கியது என்றால் நிலைமை விளங்கும். இரத்தம் குறைந்த பிள்ளை ஓடாது, உட்கார்ந்திருக்கும். இன்றும் முழுக்கத் தீரவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் சோற்றையும் முட்டையையும் சேர்த்துப் பேசவேண்டும்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுப்பது 1977இல் தொடங்கியது. தொண்ணூறுகளில் கம்பனிகள் வந்தன, ட்ரஸ்டும் வந்தது. மெல்ல மெல்லப் பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையம் ஆனது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள், சுவரில் படம், சில இடங்களில் சறுக்கும் ஊஞ்சலும். இது உண்மையான முன்னேற்றம், மறுக்கமாட்டேன்.

1999இல் நாடு முழுவதும் தரம் ஒன்றுக்கு வந்த கல்விச் சீர்திருத்தமும் அப்படித்தான். முதலாம் முதன்மை நிலையில், அதாவது தரம் 1இலும் 2இலும், வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே முதலிடம், மேசை வேலைக்குக் கடைசி இடம். புதிதாக வரும் பிள்ளையின் திறனை விளையாட்டு மூலம் ஆசிரியர் இனங்காணவும் வேண்டும். கடதாசியில் அழகாக இருக்கிறது. நடப்பில், தரம் 5 புலமைப்பரிசிலின் நிழல் முன்பள்ளி வாசல்வரை நீண்டு கிடக்கிறது. "எழுத வைக்காத டீச்சர்" என்ற பெயருக்குப் பயந்து, பயிற்சி பெற்றவர்களே பிள்ளையை உட்கார வைக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைக் கேளுங்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைக்கவேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடவேண்டும். ஒரே இடத்தில் கட்டுண்டு இருப்பது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. திரை பார்ப்பதும் அவ்வளவுக்கு மேல் கூடாது. அன்றைய துணித் தொட்டில் இன்று போனாக மாறியிருக்கிறது. டவுனில் கடைக்கு மேல்வீட்டில் வளரும் நம் பிள்ளைகளின் நிலை லயத்துப் பிள்ளையைவிட மோசம் என்பேன். அவர்களுக்கு முற்றமே கிடையாது.

சமதரை இல்லை, மழை விடுவதில்லை என்பார்கள். சரிவு ஒரு குறையே இல்லை. ஏறி இறங்கக் கற்படி இருக்கிறது. காலையில் வெறுமையாகும் பெரட்டுக்களத்தில் ஒரு கோடு கீறலாம். பழைய டயர் இரண்டு, ஒரு கயிறு, மழை நாளில் பிசைய ஒரு பிடி ரொட்டி மா போதும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்கவேண்டியது வேலி போட்ட ஒரு துண்டு நிலம்தான்.

உங்கள் லயத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த பாட்டிமார் எவராவது இருந்தால், மழை நாளில் தவழும் பிள்ளைகளை எப்படிச் சமாளித்தார்கள், கைகொட்டி விரல் நீட்டி என்ன விளையாட்டுக் காட்டினார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். எங்கள் தரம் ஒன்று டீச்சர்மாருக்கு அது தேவைப்படுகிறது.